ஜனவரியில் ஒரு படகு வீடு

இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளின் படத்தை நீங்களும் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பச்சைக் கரை, முதுகு வளைந்த செங்கல் பாலம், குச்சி மாதிரி நீளமாய் ஒரு படகு, அதன் கூரை மேல் பூந்தொட்டிகள், பின்னாலேயே நீந்தி வரும் வாத்துக் குஞ்சுகள். எல்லாம் ஜூன், ஜூலையில் எடுத்த படங்கள்! ஜனவரி மாதக் கால்வாயை யாரும் காலண்டரில் போடுவதில்லை. நாங்கள் போனது ஜனவரியில். வேண்டுமென்றே அந்த மாதத்தில் போனோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணும் மாப்பிள்ளையும் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். பேரனுக்கு மூன்று வயது. பெண் இரண்டாவது உண்டாகி ஐந்தாம் மாதம். அவளுக்குத் துணையாகத்தான் நான் போயிருந்தேன். சம்பளத்தில் பெரிய பங்கு வாடகைக்கே போய்விடுகிறது. சொந்த வீடு வாங்குவது பற்றிப் பேச்சே இல்லை. இந்த நிலையில் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை. ஒரு படகை வாங்கி அதிலேயே குடியிருந்துவிட்டால் என்ன?

"ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான் இருக்காங்க, அத்தை. சமையலறை, படுக்கை, குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கு. வாடகை அப்படியே மிச்சம்" என்றார்.

என் பெண்ணுக்கு அரை மனசு. எனக்கு அரைக்கால் மனசுகூட இல்லை. ஆனாலும் மாப்பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் கூடாது என்று சொல்ல முடியுமா? கைக்குழந்தையோடு ஒரு குளிர்காலத்தை எப்படி ஓட்டுவார்கள் என்பதுதான் என் கவலை.

மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர் ஒருவர் மனைவியோடும் ஆறு வயதுப் பெண் குழந்தையோடும் படகிலேயே வசிக்கிறார். அந்த மனைவிதான் ஃபோனில் சொன்னாளாம்: "ஜூலையில் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எங்களோட வந்து இருங்க." அந்த ஒரு பேச்சிலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

கிளம்புமுன் உடை விஷயம். கனமான ஒரே கோட்டைவிட மெல்லியதாக மூன்று நான்கு அடுக்குப் போடுவதுதான் குளிருக்குக் காப்பு. இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. காது மூடும் குல்லாய், கையுறை, இரண்டு ஜோடிக் காலுறை, வழுக்காத ரப்பர் ஷூ. புடவைக்கும் துப்பட்டாவுக்கும் அங்கே வேலையில்லை. கயிறும், பல் சக்கரமும், வழுக்கலும் இருக்கிற இடத்தில் தொங்குகிற துணி எதுவும் ஆபத்து. நான் ஒரு பழைய கம்பளிச் சட்டையும் மாப்பிள்ளையின் மழைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெரிய ஃபிளாஸ்க் நிறைய மிளகு ரசம் எடுத்துக்கொண்டேன்.

கேய்டன் ஜங்ஷன் என்ற இடத்தில் படகு நின்றது. நார்த்தாம்ப்டன் ஊருக்குப் பக்கம். லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கிற கிராண்ட் யூனியன் கால்வாய் அது. மொத்தம் 137 மைல். வழியில் 166 லாக்குகள். (லாக் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன்.) காலை எட்டு மணிக்கு மேல்தான் பொழுதே விடிந்தது. கரைப் புல்லெல்லாம் மாவு தூவினாற்போல் உறைபனி. ஓரமாய்த் தண்ணீர் மேல் அப்பளம் கனத்துக்கு ஐஸ்.

படகின் உள்ளே இறங்கினதும் முதலில் தோன்றியது, 'நம்ம ஊர் ரயில் பெட்டியில் பாதி அகலம்தான் இருக்கும் போலிருக்கிறதே' என்பதுதான். நீளம் 57 அடி. அகலமோ வெளிப்பக்கமே 6 அடி 10 அங்குலம்தான்! உள்ளே ஒருவர் நடந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு ஒடுக்கமாய் ஏன் கட்டினார்கள்? 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியபோது, செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க லாக்குகளை ஏழடி அகலத்தில் கட்டினார்கள். படகும் அதற்கேற்ப மெலிந்துவிட்டது. வண்டியில் ஒன்றிரண்டு டன் இழுக்கத் திணறுகிற குதிரை, தண்ணீரில் 25 டன் நிலக்கரியை இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கணக்கில்தான் 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் வெட்ட ஆரம்பித்தார்கள்.

வாசற்படிக்குப் பக்கத்திலேயே கணப்பு அடுப்பு. புகையில்லாத நிலக்கரி கனன்று, உள்ளே இதமான சூடு. என் பெண்ணை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். பேரனுக்கு மிதவைச் சட்டை மாட்டினார்கள். அந்த வீட்டுப் பெண் குழந்தை எழுந்ததும் பல் தேய்ப்பதுபோல், தானாகவே தன் மிதவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டது. அது இல்லாமல் வெளி வாசலில் கால் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

படகு கிளம்பியதும் முன்பக்கத்தில் 'கறக் முறக்' என்று ஒரு சத்தம், ஐஸ் உடைகிறது! இரும்புப் படகானதால் மெல்லிய ஐஸை உடைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் உடைந்த துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி. பக்கத்தில் ஃபைபர் படகு நின்றால் அதன் உடம்பைக் கீறிவிடும். அதனால் ஐஸ் கனமாக இருந்தால், நல்ல படகுக்காரர்கள் படகை எடுப்பதே இல்லை. அன்றைக்கு நிழல் விழுகிற பாலத்தடியில் மட்டும்தான் ஐஸ் இருந்தது.

வேகம் மணிக்கு நாலு மைலுக்கு மேல் கூடாது. கட்டிப்போட்ட படகுகளைத் தாண்டும்போது அதைவிடவும் மெதுவாக. இல்லையென்றால் அலை கிளம்பிக் கரை அரித்துப்போகும். அங்கே யாராவது அடுப்பில் கெட்டில் வைத்திருந்தால் அது கவிழும். நாய் பிடித்துக்கொண்டு கரையோரக் குதிரைப் பாதையில் நடந்த ஒரு பெரியவர் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார்!

மாப்பிள்ளை சுக்கான் பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் போக வேண்டுமானால் கட்டையை வலது பக்கம் தள்ள வேண்டும். முதல் கால் மணி நேரம் படகு இரண்டு கரைகளையும் மாறி மாறி விசாரித்துக்கொண்டே போயிற்று. பின்னால் திறந்த இடத்தில் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். மழையானாலும் பனியானாலும் ஓட்டுகிறவருக்குக் கூரை கிடையாது.

பிறகு பிளிஸ்வொர்த் சுரங்கம். 1805-ல் திறந்தது, 3,076 கஜம், அதாவது மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குதிரை நடக்க உள்ளே பாதை கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை மலை மேல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்; ஆட்கள் படகின் முன்னால் பலகை போட்டுப் படுத்து, சுரங்கச் சுவரில் காலை உதைத்து உதைத்தே படகை நகர்த்துவார்களாம். நாங்கள் எஞ்சினோடு போயும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், குளிர்காலத்தில் சுரங்கத்துக்குள் வெளியைவிடச் சூடு. நுழைந்த உடனே என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. காற்றுக்காக மேலே விட்டிருக்கும் கிணறு போன்ற துவாரங்களிலிருந்து திடீர் திடீரென்று தலையில் தண்ணீர் கொட்டும். பேரன் பயந்து அழுவான் என்று நினைத்தேன். அவன் 'ஊ' என்று கத்தி எதிரொலியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

வெளியே வந்தால் ஸ்டோக் புரூயர்ன் கிராமம். கால்வாய்க் கரையிலேயே வீடுகள். 1963-ல் திறந்த கால்வாய் மியூசியம் ஒன்றும் இருக்கிறது. எங்களை அழைத்துப்போனவளின் சிநேகிதி ஒருத்தி, பழைய சரக்குப் படகு ஒன்றைப் புதுப்பித்து அங்கே நிறுத்தியிருந்தாள். "உள்ளே வந்து பாருங்க" என்றாள். அதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

படகின் நீளமெல்லாம் சரக்குக்கு. குடித்தனத்துக்கு விட்டது பின்னால் ஒரு பெட்டி. சுமார் பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். அவ்வளவுதான் வீடு! இறங்கினதும் இடது கைப்பக்கம் அடுப்பு. அதை அடுத்து ஒரு அலமாரி. அதன் கதவைக் கீழே மடக்கினால் சாப்பாட்டு மேஜை. கடைசியில் குறுக்கே மடக்குக் கட்டில். சுவரெல்லாம் ரோஜாவும் கோட்டையும் வரைந்த சித்திரம். பித்தளைக் குமிழ்கள் தங்கமாய் மின்னின. விளிம்பில் சரிகை வைத்த பீங்கான் தட்டுகள், கையால் பின்னிய குரோஷே லேஸ். இடம் இல்லாததால் ஒரு அங்குலத்தைக்கூட அழகில்லாமல் விடவில்லை அந்தப் பெண்கள். அம்மா, அப்பா, நாலைந்து குழந்தைகள் எல்லோரும் அதற்குள்தான். பிரசவமும் அதற்குள்தான்.

"ஏன் அடுப்பு சரியாக வாசலண்டை இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டாள் அந்தச் சிநேகிதி. வீட்டுக்காரி வாசல் துவாரத்தில் நின்றபடி சுக்கான் பிடிப்பாள். படகை ஓட்டிக்கொண்டே குனிந்து குழம்பைக் கிளறலாம். காலுக்கும் கொஞ்சம் சூடு கிடைக்கும். தவழும் குழந்தையைக் கூரை மேல் உட்காரவைத்து, தண்ணீரில் விழாமல் இடுப்பில் வார் கட்டிப் பிணைத்திருப்பாள். ஒரு கை சுக்கானில், ஒரு கை கரண்டியில், ஒரு கண் குழந்தை மேல். எஞ்சின் வந்த பிறகு இரண்டு படகாக ஜோடி சேர்த்து ஓட்டினார்கள். முன் படகில் எஞ்சினோடு புருஷன், இழுபடுகிற பின் படகில் பெண்சாதி. ஜோடிக்குச் சுமார் 50 டன் சரக்கு. கூலி சரக்குக் கணக்கில், புருஷன் கையில். அவளுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது.

இந்தக் குடும்பங்கள் ஏன் படகுக்கு வந்தன என்று கேட்டதற்கு வந்த பதிலில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1830-களிலும் 40-களிலும் ரயில் வந்து போட்டி போட்டது. சரக்குக் கூலி விழுந்தது. கரையில் வீட்டுக்கு வாடகையும் கொடுத்து, படகில் உதவிக்கு ஓர் ஆளுக்குக் கூலியும் கொடுக்கப் படகுக்காரனால் முடியவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி மக்களைப் படகுக்குக் கொண்டுவந்தான். வாடகையும் மிச்சம், கூலியாளும் மிச்சம்.

என் பெண் என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏது? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். சிறுவயதில் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காகக் கூக்குரல் போட்டார். 1877-ல் ஒரு சட்டம் வந்தது. 1884-ல் அதை வலுப்படுத்தினார்கள். படகைக் குடியிருப்பாகப் பதிவு செய்ய வேண்டும், ஒரு பெட்டிக்குள் இத்தனை பேர்தான் தூங்கலாம், குழந்தைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். விதி வந்ததே தவிர, ஓடுகிற படகைப் பிடித்து யார் எண்ணுவது!

வியாதி வந்தால்? அதற்கு ஸ்டோக் புரூயர்னில் ஒரு அம்மாள் இருந்தார். சிஸ்டர் மேரி வார்டு என்ற நர்ஸ். டாக்டர் 'மூன்று நாள் கழித்து வந்து காட்டு' என்றால் படகுப் பெண் அதற்குள் ஐம்பது மைல் தள்ளிப் போயிருப்பாள். ஆனால் லண்டன் பாதையில் போகிற படகெல்லாம் திரும்பத் திரும்ப இந்த ஊர் லாக்கைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? அந்த இடத்திலேயே தன் வீட்டை வைத்துக்கொண்டு, கை நசுங்கினவர்கள், வெந்நீர் கொட்டிக்கொண்ட குழந்தைகள், மாதமான பெண்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தார். 1951-ல் அரசாங்கம் பதக்கம் கொடுத்து கௌரவித்தது. அவர் ஓய்வு பெற்றது 1962-ல்.

அந்த வருஷக் கடைசியில் ஆரம்பித்த குளிர் மகா குளிர். 1963 பிப்ரவரி தாண்டியும் கால்வாய்கள் கல்லாய் உறைந்து கிடந்தன. சரக்கெல்லாம் லாரிக்கும் ரயிலுக்கும் போயிற்று. ஐஸ் உருகின பிறகு அதில் பெரும் பகுதி திரும்பி வரவேயில்லை. ஏற்கெனவே நொடித்துப்போயிருந்த தொழில், அந்தக் குளிரோடு அநேகமாய் முடிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, படகே பார்த்திராத பட்டணத்துப் பெண்களும் பயிற்சி எடுத்து மூன்று பேராக ஒரு ஜோடிப் படகை ஓட்டியிருக்கிறார்கள். லண்டன் துறைமுகத்திலிருந்து இரும்பு, திரும்பும்போது கவென்ட்ரி பக்கத்து நிலக்கரி. அவர்கள் சட்டையில் குத்தின பேட்ஜில் 'ஐ.டபிள்யூ.' என்று இருக்கும். உள்நாட்டு நீர்வழி என்பதற்கான எழுத்து. அதற்கு 'சோம்பேறிப் பெண்கள்' என்று கேலி அர்த்தம் கண்டுபிடித்தார்களாம்! குளிரில் கை வெடித்து நிலக்கரி அள்ளினவர்களுக்கு அந்தப் பெயர்.

சரி, லாக் விஷயத்துக்கு வருகிறேன். கால்வாய் என்பது மட்டமான தண்ணீர். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படகு எப்படிப் போகும்? இரண்டு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அதுதான் லாக். இறங்க வேண்டுமானால் நிறைந்த தொட்டிக்குள் படகை விட்டு மேல் கதவைச் சாத்தி, கீழ் மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகும் லிஃப்ட் மாதிரி கீழே இறங்கும். இரண்டு பக்கத் தண்ணீரும் மட்டமான பிறகுதான் கீழ்க் கதவு அசையும். அதுவரை யானை வந்து தள்ளினாலும் நகராது. ஸ்டோக் புரூயர்னில் இப்படி வரிசையாக ஏழு. மொத்தம் சுமார் 56 அடி இறக்கம். இந்தக் கால்வாயில் லாக்குகள் பதினாலடி அகலம். இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். குளிர்கால மாதங்களில் லாக்குகளைப் பழுது பார்க்க வழியையே அடைத்துவிடுவது உண்டு. அதனால் கிளம்புமுன் எது திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதகைத் தூக்க 'விண்ட்லஸ்' என்கிற இரும்புக் கைப்பிடி. ஒவ்வொரு லாக்கிலும் ஒருவர் படகில், ஒருவர் கரையில். "ஓடக் கூடாது, தாண்டிக் குதிக்கக் கூடாது, கைப்பிடியை மாட்டிவிட்டு விடக் கூடாது" என்று மூன்று 'கூடாது'கள் சொன்னாள். பூட்டு நழுவினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். மேல் கதவடியில் தண்ணீருக்குள் ஒரு கல் படி இருக்கிறது. இறங்கும்போது படகின் பின்பக்கம் அதில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடியப் படகு தலைகுப்புறச் சாயும். அதற்காகவே பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு. அதற்கு முன்னால் படகை நிறுத்துகிறவரைக்கும் அவள் மதகில் கையே வைக்கவில்லை. நானும் கதவின் நீண்ட கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். மூன்றாவது லாக்குக்குள் ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்றும்படி ஆகிவிட்டது.

கால்வாய் பல இடங்களில் நாலைந்து அடி ஆழம்தான். ஆனால் ஜனவரித் தண்ணீரில் ஆழமா முக்கியம்? விழுந்த அதிர்ச்சியில் மூச்சு தானாகவே 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. பதறிக் கையை அடிக்காமல், முகத்தை மேலே வைத்து மல்லாந்து மிதந்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு கரையைப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஆறு வயதுப் பெண்ணே என் பேரனுக்குப் பாடம் நடத்தியது.

ஏழும் இறங்கிக் கரையில் முளை அடித்துக் கட்டிவிட்டுச் சாப்பிட்டோம். கணப்புக்குள்ளேயே சுட்ட உருளைக்கிழங்கு, சூப், அதோடு என் மிளகு ரசம். சாப்பிட்டபடியே நான் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டேன். பாவம், அவள் சலிக்காமல் பதில் சொன்னாள்.

துணி? கணப்புக்கு மேல் கொடி கட்டி உலர்த்துகிறாள். குளிர்காலத்தில் வெளியில் காயாது. உள்ளே காயும் துணி, சமையல் ஆவி, நம் மூச்சு எல்லாம் சேர்ந்து ஜன்னலில் வியர்த்துக் கொட்டும். தினம் காலையில் துடைக்காவிட்டால் பூஞ்சணம். அது சின்னக் குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீர்? தொட்டியில் நிரப்பி வைப்பது. உறைபனிக் காலத்தில் கரைக் குழாயே உறைந்துவிடும் என்பதால் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். மின்சாரம்? கூரைச் சூரியத் தகடுகள் ஜனவரியில் தூங்குகின்றன. எஞ்சினை ஓட்டித்தான் பாட்டரி ஏற வேண்டும், அதுவும் கட்டியிருக்கும்போது இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஓட்டக் கூடாது. சமையல் கேஸ்? நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக் குளிரில் ஆவியாகாமல் சண்டித்தனம் செய்யும் என்பதால் அங்கே புரொப்பேன். கழிப்பறை? அடியில் ஒரு பெட்டி. நிரம்பினதும் கையால் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும்.

கூரைக்குக் கீழே சின்ன வெள்ளை வட்டம் ஒன்று இருந்தது. கார்பன் மோனாக்சைடு அலாரம். 2019-லிருந்து படகுப் பாதுகாப்பு விதிகளில் அதுவும் சேர்ந்திருக்கிறது. நிறமில்லாத, மணமில்லாத விஷ வாயு அது. அடைத்த இடத்தில் கரியோ கேஸோ சரியாக எரியாவிட்டால் உண்டாவது. தலைவலி, குமட்டல், அசதி என்று ஜலதோஷக் காய்ச்சல் போலவே ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே சந்தேகப்பட வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு இன்னும் ஆபத்து. குழந்தைக்குப் போகிற பிராணவாயுவை அது தடுத்துவிடும். குளிர் தாங்காமல் காற்றுத் துவாரங்களைத் துணி வைத்து அடைப்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜன்னலே இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக் குளிக்கிற நம் ஊர்ப் பெண்களும் இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, நிற்க இடம். சொந்தமாக ஓரிடம் வாடகைக்குப் பிடிக்காத படகு, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ம் வருஷச் சட்டம். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆபீஸுக்குப் போகிறவர் சமாளித்துவிடலாம்; பள்ளிக்கூடம் நகருமா? அந்தக் குடும்பமும் பெண்ணைப் பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்ததும் நிரந்தர இடத்துக்குப் பெயர் பதிந்து, காத்திருந்து வாங்கியது. அதற்கும் வாடகை உண்டு.

"அப்படியானால் இதில் உங்களுக்கு என்னதான் சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "கடன் இல்லை. சாயங்காலம் மூணு பேரும் ஒரே அறையில் இருக்கோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் மீன்கொத்தி" என்றாள். பிறகு அலமாரிக் கதவின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஒரு காகிதத்தில் வேலைப் பட்டியல். கரி தூக்குவது, சாம்பல் கொட்டுவது, கழிப்பறைப் பெட்டி, தண்ணீர் எல்லாம் கணவர் பெயரில். துணி, ஜன்னல், அடுப்பு அவள் பெயரில். "முதல் குளிர்காலத்தில் இந்தக் காகிதம் இல்லை. படகை விற்றுவிடலாம் என்று அழுதேன். இரண்டாம் குளிர்காலத்தில் இதை ஒட்டினோம்" என்றாள்.

நான் அன்றைக்கு மாப்பிள்ளையிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வாடகை மிச்சம்கிறது நிஜம்தான், மாப்பிள்ளை. ஆனா அந்தப் பணத்துக்குப் பதிலா தினம் யாரோ ஒருத்தர் உடம்பு உழைச்சாகணும். அது யார்னு முதல்ல பேசிக்குங்க. பச்சை உடம்புக்காரி தலையில விழுந்துடக் கூடாது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்ததும் நண்பரோடு சேர்ந்து கழிப்பறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் மாறியிருந்தது. ஆனாலும் போனாரே, அதுவே பெரிசு.

மத்தியானத்துக்கு மேல் லாக் இல்லாத மட்டமான வழி. வெறும் மரங்கள், உழுத வயல், தண்ணீரோரம் ஒற்றைக் காலில் ஒரு நாரை. வெயில் வந்தது, சூடு வரவில்லை. மூன்றரைக்கே வெளிச்சம் மங்க ஆரம்பித்து, நாலே காலுக்கு சூரியன் போய்விட்டது. காஸ்க்ரோவ் கிராமத்துக்குச் சற்று முன்னால் படகைக் கட்டினார்கள். வரிசையாய் நின்ற படகுகளின் புகைபோக்கிகளிலிருந்து மெல்லிய புகை. என் பெண் அடுப்படியில் உட்கார்ந்து, பேரனும் அந்தப் பெண் குழந்தையும் தாயக்கட்டை மாதிரி ஏதோ விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உள்ளே இருக்கறப்போ நல்லாத்தான் இருக்கு" என்றாள் மெதுவாக. எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் அந்தக் குடும்பம் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது, படகைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை தனியாகப் போய்த் தங்கினார். இரண்டாம் ராத்திரி கணப்பு அணைந்துவிட்டதாம். மூன்றாம் நாள் கற்றுக்கொண்டுவிட்டாராம். திரும்பி வந்து, கரி, தண்ணீர், பெட்டி, எஞ்சின் என்று ஒவ்வொன்றுக்கும் தினம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதியதைப் பெண்ணிடம் கொடுத்தார். இருவரும் அதை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் பேசினார்கள். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

மே மாதம் பேத்தி பிறந்தாள். இப்போதும் அந்த ஃப்ளாட்டில்தான் இருக்கிறார்கள். நிரந்தர இடத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறது. வரிசை வர நாளாகும். குழந்தை நடக்க ஆரம்பித்துச் சொன்ன பேச்சு கேட்கிற வயது வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பெண் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை அதற்குள் இரண்டு சின்ன மிதவைச் சட்டை வாங்கி வைத்துவிட்டார்.